மலாவிக்குப் புறப்படும் முன்: இரவு 2 மணி வார்டுக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். படித்தேன். ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுகள் சத்தீஸ்கரில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். பிறகு குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. முடித்தேன். தனியாக 60 சிசேரியன்கள் வரை செய்திருக்கிறேன். மலாவியில் ஒரு கிராமப்புறச் சபை மருத்துவமனை, 160 படுக்கைகள் உள்ளது, என்னை இரண்டு ஆண்டுகளுக்கு அழைத்திருக்கிறது. உபகரணங்கள் வாங்கித் தர எங்கள் சபையார் 8 லட்ச ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். கணவர் கணித ஆசிரியர். மகனுக்கு 5 வயது. புறப்பட எட்டு மாதம் இருக்கிறது. எதை வாங்கிப் போவது, எதைக் கற்றுக்கொள்வது, குடும்பத்துக்கு என்ன ஆயத்தம் வேண்டும், வார்டில் சுவிசேஷம் சொல்லலாமா?
ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

எதை வாங்கிப் போவது என்ற கேள்வியை முதலில் வைத்திருக்கிறீர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஓர் இரவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதம். மழை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் இருந்த மக்காச்சோளம் தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் வயலில் நிற்கிறது. மலேரியாவும் பசியும் கைகோத்து வரும் காலம் அது. குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், சில நாள் மூன்று. மணி இரவு 2. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே நர்ஸ். கரண்ட் போய், ஜெனரேட்டர் இன்னும் ஓடவில்லை. காலை 10 மணி ரவுண்ட்ஸில் நீங்கள் எழுதிய சிகிச்சையை இந்த நேரத்தில் அந்த நர்ஸால் நடத்த முடியுமா? அங்கே நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள்.

இதை வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. ஆப்பிரிக்க வார்டுகளிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. காய்ச்சலோடு அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 20 மி.லி. சலைன் வேகமாக ஏற்ற வேண்டும் என்றுதான் நாம் படித்தோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், அப்படி ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 100-க்குப் பத்துக்கும் மேல். ஏற்றாமல் மெதுவாகப் பராமரிக்கப்பட்டவர்களில் அது 7.3. வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத இடத்தில், கடும் இரத்தசோகையோடும் மலேரியாவோடும் வரும் பிள்ளைக்கு வேகமான திரவம் உயிரைப் பறித்தது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்கு வழக்கமான நீரேற்றம்தான். இந்த வேறுபாட்டை நீங்கள் கை நடுங்கும் நேரத்திலும் மறக்கக் கூடாது.

இரண்டாவது ஆய்வு மலாவியிலேயே, சலிமா மாவட்ட மருத்துவமனையில் நடந்தது. ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட, கடும் நிமோனியாவும் கூடுதல் ஆபத்தும் உள்ள 644 பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சாதாரண ஆக்சிஜன், மீதிப் பேருக்குக் குமிழி சிபாப், அதாவது மூக்கு வழியாக விடாத அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் முறை. மருத்துவர் அருகில் இல்லாத அந்த வார்டில், சிபாப் கொடுக்கப்பட்டவர்களில் 17 சதவீதம் பேரும் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதம் பேரும் இறந்தார்கள். குறைமாதப் பச்சிளங்குழந்தைகளுக்கு அதே சிபாப் நல்ல துணை. 'பூமானி' என்ற எளிய சிபாப் கருவி மலாவியின் பிளாண்டையர் நகரில்தான் முதலில் சோதிக்கப்பட்டது. சிச்சேவா மொழியில் அந்தச் சொல்லுக்கு 'மூச்சு விடுங்கள்' என்று பொருள். யாருக்கு, யார் பார்த்துக்கொள்ள, எத்தனை மணி நேரம் என்பது தெரியாமல் ஒரு கருவியை வார்டுக்குள் கொண்டுவருவது ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

கடும் மலேரியாவுக்கு ஆர்டிசுனேட் ஊசி. 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4 மி.கி.; சேர்த்த உடனே, 12 மணியில், 24 மணியில், பிறகு நாளுக்கு ஒருமுறை. 60 மி.கி. குப்பியை அதனுடன் வரும் 1 மி.லி. பைகார்பனேட்டில் முதலில் முழுதாகக் கரைத்து, நரம்பில் போட 5 மி.லி. சலைன் சேர்த்தால் ஒரு மி.லி.யில் 10 மி.கி. கிடைக்கும். தசையில் போடுவதென்றால் 2 மி.லி. மட்டும் சேர்க்க வேண்டும். அப்போது 20 மி.கி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு அளவு தவறுவது அடிக்கடி நடக்கும் பிழை. கலக்கிய மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிள்ளை விழுங்கத் தொடங்கியதும் மூன்று நாள் வாய்வழிக் கூட்டுமருந்து முழுதாகக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஊசி மட்டும் போட்டு நிறுத்தினால் நோய் திரும்பும். துரிதப் பரிசோதனை அட்டை, சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டும். அதை வைத்து மருந்து தோற்றது என்று முடிவு செய்யாதீர்கள், ஸ்லைடு பாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஹீமோகுளோபினையும் ஒருமுறை பாருங்கள், ஆர்டிசுனேட்டுக்குப் பின் தாமதமாக இரத்த அணுக்கள் உடைவதுண்டு.

மயக்கத்தில் வரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் நிமிடத்தில் சர்க்கரை பாருங்கள். குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மி.லி. கடையில் இருப்பது 50 சதவீதம் மட்டும் என்றால் ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு ஊசி நீர். இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

இரத்தம் பற்றி நீங்கள் அங்கே தினமும் யோசிப்பீர்கள். மலாவி இரத்த மாற்றுச் சேவை அனுப்பும் பைகள் தீரும்போது, நோயாளியோடு வந்த உறவினர்தான் கொடையாளி. இரத்த வங்கியில் எவரும் இல்லாத ஞாயிறு மாலையில் குறுக்குப் பொருத்தத்தை, அதாவது கொடையாளியின் இரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனையை, நீங்களே செய்யத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் 4-க்குக் கீழ் என்றால் ஏற்றியே ஆக வேண்டும். 4 முதல் 6 வரை இருந்து, மூச்சிரைப்பும் மயக்கமும் இல்லையென்றால் அடிக்கடி சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம். உகாண்டாவிலும் மலாவியிலும் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு முழு இரத்தம் கிலோவுக்கு 30 மி.லி., காய்ச்சல் உள்ளவருக்கு 20 மி.லி. நல்லது என்பதும் அதிலிருந்தே வந்தது. ஒரு பை 450 மி.லி. என்றால் மூன்று சிறு பிள்ளைகளுக்குப் பகிரலாம். பகிரும் பைகள் கைவசம் இருக்கின்றனவா என்று முதல் வாரமே பாருங்கள்.

கடும் ஊட்டக்குறைவோடு வரும் குழந்தைக்குச் சத்தீஸ்கரில் நீங்கள் செய்த சிகிச்சையே இங்கும். வீக்கம் இல்லாத பிள்ளைக்கு எஃப்-75 என்ற சிகிச்சைப் பால் நாளுக்குக் கிலோவுக்கு 130 மி.லி., உடலெங்கும் வீக்கம் இருந்தால் 100. இரவு ஊட்டல்தான் தவறுவது. அந்த வேளையில்தான் சர்க்கரை இறங்கிப் பிள்ளை குளிர்ந்துபோகிறது. மலாவியில் நோயாளியோடு தங்குபவரைக் 'கார்டியன்' என்பார்கள். வளாகத்துக் கொட்டகையில் சமைத்து, குளிப்பாட்டி, கழுவி, பாதி நர்ஸ் வேலையைப் பார்ப்பவர் அவரே. இரவு 11-க்கும் 2-க்கும் 5-க்கும் எவ்வளவு பால் என்பதைக் கோப்பையில் கோடு போட்டு அந்தத் தாயிடமும் பாட்டியிடமும் கொடுங்கள். மூக்குக்குழாய் வழியாக ஊட்டவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு நர்ஸின் கை எட்டாத இடத்துக்கு அவர்கள் கை எட்டும்.

இனி மகப்பேறு. 60 சிசேரியன்கள் என்பது நல்ல தொடக்கம். ஆனால் அங்கே உங்களைச் சோதிப்பது நேரான சிசேரியன் அல்ல. இரண்டு நாள் வலியோடு மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ வந்த பெண், தலை இடுப்புக்குள் இறுகியிருக்கிறது, கருப்பையின் கீழ்ப்பகுதி காகிதமாக மெலிந்திருக்கிறது, சிறுநீரில் இரத்தம். கிழிந்த கருப்பையைத் தைப்பதா எடுப்பதா என்று பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். மூத்த மகப்பேறு மருத்துவர் ஒருவரோடு குறைந்தது ஐந்தாறு அவசரக் கருப்பை நீக்கங்களில் கை கொடுங்கள். இறுகிய தலையைக் கீழிருந்து தள்ளுவது, காலைப் பிடித்துக் குழந்தையை எடுப்பது, இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையை இறுக்கும் பி-லிஞ்ச் தையல், ஆணுறையும் ஃபோலி என்ற சிறுநீர்க் குழாயும் சேர்த்த பலூன், இவை எல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். அடைபட்ட பிரசவத்துக்குப் பிறகு ஃபோலி குழாயை 14 நாள் வையுங்கள். மூன்றாம் நாளே எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுதும் சிறுநீர் கசியும் பெண்ணாக அவளை அனுப்பக் கூடாது. அப்படிக் கசியும் துளை, அதாவது ஃபிஸ்டுலா, ஏற்பட்டுவிட்டால் லிலோங்வே புவாய்லா மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

சிசேரியன் செய்யும் முன் அவளுடைய அடுத்த பிரசவத்தை நினையுங்கள். திருநெல்வேலியில் தழும்புள்ள கருப்பையோடு இருப்பவள் அடுத்த முறை மருத்துவமனைக்கு வந்துவிடுவாள். அங்கே ஆற்றில் வெள்ளம், சாலை துண்டிப்பு, கையில் பணம் இல்லை. அவள் வீட்டிலேயே வலி தாங்குவாள், தழும்பு கிழியும். அதனால் குழந்தையின் தலையில் பொருத்தி இழுக்கும் வெற்றிடக் கப் கொண்டு பிரசவம் பார்ப்பதில் உங்கள் கை தேற வேண்டும். தலை இறங்காமல் மூன்று இழுப்பு, அல்லது கப் இரண்டு முறை கழன்றால் நிறுத்திவிட வேண்டும் என்ற ஒழுங்கோடு பழகுங்கள். மலாவியில் ஒவ்வொருவரும் தன் மருத்துவக் குறிப்பைச் சிறு புத்தகமாகக் கையில் வைத்திருப்பார்கள், 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்று பெயர். ஏன் அறுத்தீர்கள், கருப்பையில் எந்த வெட்டு, அடுத்த முறை எங்கே எப்போது வர வேண்டும் என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். உங்கள் கணினிப் பதிவை விட அந்த அழுக்குப் புத்தகம்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இரத்த அழுத்தம் கூடி வரும் வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். 50 சதவீத மருந்து 8 மி.லி.யோடு 12 மி.லி. ஊசி நீர், ஆக 4 கிராம், நரம்பில் மெதுவாக. பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம். அதன்பின் நான்கு மணிக்கொருமுறை 5 கிராம் மாறி மாறி. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, நான்கு மணி நேரத்தில் 100 மி.லி. சிறுநீராவது வந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஊசியை நிறுத்துங்கள், கால்சியம் குளுகோனேட் 1 கிராம் பக்கத்தில் இருக்கட்டும். டிரிப் பம்பு இல்லாத வார்டுக்கு இந்தத் தசை ஊசி முறைதான் பொருந்தும். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் நின்று நின்று வரும் ஃபிரிட்ஜில் வைத்த ஆக்சிடோசின் வேலை செய்யாதபோது, இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃபிரிட்ஜில் ஒரு வெப்பமானி வைத்து நாளுக்கு இருமுறை எழுதச் சொல்லுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பவர் அநேகமாக அனஸ்தீஷியா கிளினிக்கல் ஆபிசராக, அதாவது மருத்துவர் அல்லாமல் அதற்கெனப் பயிற்சி பெற்றவராக, இருப்பார். விடுமுறையில் அவர் இல்லாதபோது நீங்கள். ஸ்பைனல் எனும் முதுகுத்தண்டு மயக்க ஊசி, கீட்டமைன் மயக்க மருந்து, மாஸ்க் வைத்து மூச்சு கொடுப்பது, மூச்சுக்குழாயில் குழாய் போடுவது, இவற்றுக்கு ஒரு மாதமாவது முழுநேரம் ஒதுக்குங்கள். ஸ்பைனலுக்குப் பின் தாயை இடப்பக்கம் சாய்க்க மறந்தால் பி.பி. சரியும். இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமில ஆம்பூலும் ஸ்பைனலுக்கான பூபிவகெயின் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிரானெக்ஸாமிக் அமிலம் தவறி முதுகுத் தண்டில் போனால் வலிப்பு வந்து பெரும்பாலும் மரணம். டிரானெக்ஸாமிக் அமிலத்தை மயக்க மருந்துத் தட்டின் பக்கமே வைக்காமல் பிரசவ அறைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.யும் காசநோயும் பெரியவர்கள் வார்டை நிறைக்கும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் மூன்று வாரம் கேட்டுப் பெறுங்கள், இதைக் கற்க நம் ஊரில் அதைவிட நல்ல இடம் குறைவு. அல்ட்ராசவுண்டில் இதயத்தைச் சுற்றி நீர், நுரையீரல் உறையில் நீர், மண்ணீரலில் சிறு கரும்புள்ளிகள், வயிற்றில் நெறிகட்டிகள், இவற்றை அடையாளம் காணப் பழகினால் சளி வராத நோயாளியிடமும் காசநோயைப் பிடிக்கலாம். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்கு 2022-இல் வந்த மாற்றம் உங்களுக்கு மிகவும் உதவும். லைபோசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு முறை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும். முன்பெல்லாம் நாள்தோறும் டிரிப் போட்டு, உப்புக்களைச் சோதித்து, நர்ஸ்கள் களைத்த சிகிச்சை அது. தலைக்குள் அழுத்தம் கூடினால் முதுகுத்தண்டு நீரை மீண்டும் மீண்டும் எடுப்பதில் தயங்காதீர்கள், அதில்தான் உயிர் நிற்கிறது. எச்.ஐ.வி. மருந்தை நான்கிலிருந்து ஆறு வாரம் தள்ளித் தொடங்குங்கள்.

பாம்புக்கடி பற்றி ஒரு வார்த்தை. மாமல்லபுரம் பக்கத்து இருளர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்து தயாராகும் நம் பாம்புக்கடி மருந்தான ஏ.எஸ்.வி., நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கானது. மலாவியின் பஃப் ஆடர் விரியனுக்கும் மாம்பா பாம்புக்கும் அது பயன்படாது. நல்லெண்ணத்தோடு யாராவது பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது 8 லட்சம். வறிய நாட்டு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாக 2011-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உதிரிப்பாகம் இல்லை, பழுதுபார்க்க ஆள் இல்லை, மின்சாரம் ஒத்துவரவில்லை என்பவைதான் வழக்கமான காரணங்கள். ஆகவே புதிய கருவிகளை வாங்கும் முன், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களின், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவிகளின், மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவற்றுக்கு வடிகட்டிகள், வால்வுகள், ஒரு ஆக்சிஜன் அளவுமானி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர், ஒரு கருவியை நான்கு குழந்தைகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான், குழந்தைகளுக்கான மூக்குக் குழாய்கள். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். சோலார் இன்வெர்ட்டரின் அளவை இந்தக் கணக்கோடுதான் யோசிக்க வேண்டும். வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் புழுதியில் அடைத்துக்கொண்டு, எண் பலகை ஓடிக்கொண்டே இருக்க, ஆக்சிஜன் அளவு மட்டும் இறங்கியிருக்கும். குழந்தை விரலுக்கான உணரியோடு நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் நான்கு, கையடக்க அல்ட்ராசவுண்ட் ஒன்று, கருவின் இதயத்துடிப்புக்கு டாப்ளர், ரீசார்ஜ் செய்யும் தலைவிளக்கு இரண்டு, ரப்பர் பூட்ஸ். இந்திய உருண்டைப் பின் பிளக் அங்கே நுழையாது, பிரிட்டனில் உள்ளதுபோல் சதுரப் பின். ஒவ்வொரு கருவிக்கும் பிளக்கை மாற்றிக்கொண்டு போங்கள். மருந்துகளைப் பெட்டியில் அடைக்காதீர்கள். மலாவியின் மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி இல்லாமல் வரும் மருந்து சுங்கத்திலேயே நிற்கும், கீட்டமைன் போன்றவை சட்டச் சிக்கலாகவும் முடியும்.

இவ்வளவுக்கும் பணத்தில் பாதிதான் ஆகும், அதற்கு மேல் ஆகவும் கூடாது. மீதிப் பாதியைக் கொண்டு அங்குள்ள ஒரு நர்ஸையோ கிளினிக்கல் ஆபிசரையோ மயக்க மருந்துப் படிப்புக்கு அனுப்புங்கள் என்று உங்கள் சபையாரிடம் பேசுங்கள். பெட்டிமேல் பெயர் எழுதி ஆராதனையில் பிரதிஷ்டை செய்ய முடியாத காணிக்கை என்பதால் சிலர் தயங்கக்கூடும். பொறுமையாக விளக்குங்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகும் அவர் அங்கே இருப்பார்.

கிளினிக்கல் ஆபிசர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் பெற்றவர்கள் அவர்கள். மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலான சிசேரியன்களைச் செய்வது அவர்கள்தான். 2007-இல் வெளியான ஆய்வில் அவர்களுடைய முடிவுகள் மருத்துவர்களுடையதோடு ஒப்பிடத்தக்கவையாகவே இருந்தன. உங்களைவிட மூன்று மடங்கு சிசேரியன் செய்தவர் உங்களிடம் "மேடம்" என்று நின்று கேட்பார். முதல் மாதம் நீங்கள் அவருக்கு உதவியாளராக நில்லுங்கள். பிறகு அவருக்குத் தெரியாததைக் கற்றுக்கொடுங்கள். உங்களால் மட்டுமே செய்ய முடிகிற அறுவைச் சிகிச்சைகள் பெருகினால், நீங்கள் காய்ச்சலில் படுக்கும் நாளில் அந்த மருத்துவமனையே படுத்துவிடும்.

காகித வேலையை இன்றே தொடங்குங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நற்சான்று, பட்டங்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, மலாவி மருத்துவக் கவுன்சிலில் பதிவு, தற்காலிக வேலை அனுமதி. பதிவு கைக்கு வரும் முன் ஒரு நோயாளியைக்கூடத் தொடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். கணவருக்கு உங்கள் அனுமதியை வைத்து வேலை செய்ய முடியாது. பள்ளியில் கற்பிக்க அவருக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். அவருக்கென்று வேலை இல்லாமல் இரண்டு ஆண்டு வீட்டில் உட்காரவைப்பது குடும்பத்தை உடைக்கும் காரியம், இதைப் புறப்படும் முன் தீர்த்துவிடுங்கள்.

பணத்தில் இரண்டு காரியம். சபையின் அறக்கட்டளை இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது, முன் அனுமதி வேண்டும். ஆடிட்டரிடம் போகாமல் யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. மலாவியின் நாணயமான குவாச்சா 2023 நவம்பரில் மதிப்பிறக்கப்பட்டு, ஒரே நாளில் டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. சம்பளம் முழுவதும் குவாச்சாவில் என்றால் அது வாங்கும் சாமான் பாதியாகலாம். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கோ நைரோபிக்கோ விமானத்தில் நோயாளியைக் கொண்டுசெல்லும் காப்பீட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

குடும்பத்தின் உடல்நலம். திருநெல்வேலியில் வளர்ந்த உடலுக்கு ஃபால்சிபாரம் மலேரியாவை எதிர்க்கும் சக்தி கிடையாது, அங்குள்ள பெரியவர்களுக்கு இருப்பதுபோல் அல்ல. மகனுக்கு எடைக்கேற்ற மெஃப்ளோகுவின் என்ற மலேரியா தடுப்பு மருந்து வாரம் ஒருமுறை, புறப்பட இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கிப் பாருங்கள். கெட்ட கனவோ மனமாற்றமோ வந்தால் இங்கேயே மாற்றலாம். டாக்சிசைக்ளின் அவன் வயதுக்கு ஆகாது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே பரிசோதனை, நெகட்டிவ் என்றால் மறுநாளும் ஒருமுறை. வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி இரண்டு, குறிப்பாக மகனுக்கு. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பயணம் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். ஹெப்படைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருக்கிறதா என்று இரத்தத்தில் பாருங்கள். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அந்த மணி நேரத்திலேயே தொடங்குங்கள், 72 மணிக்குப் பிறகு பயனில்லை, 28 நாள் முழுதும். மலாவி ஏரியில் குளித்தால் நத்தைப் புழு நோய் வரும். சில வாரம் கழித்துச் சோதித்து பிராசிகுவான்டெல் எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து சாலை. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

சுவிசேஷம் பற்றிக் கேட்டீர்கள். 1875-இல் ராபர்ட் லாஸ் என்ற மருத்துவர் ஏரிக்கரையில் வந்திறங்கிய குழுவிலிருந்து எண்ணினால், அங்கே சபைக்கு 150 வயது. உங்களோடு வேலை செய்யும் நர்ஸ்களில் பலர் மூப்பர்களின் பேத்திகளாக இருப்பார்கள். காலை ஆராதனையில் அவர்கள் நான்கு குரலில் பாடும்போது நீங்கள் கேட்டுக் கற்றுக்கொள்பவராகத்தான் அமர்ந்திருப்பீர்கள். ஏரியின் தெற்குப் பகுதியில் யாவோ மக்களில் மிகுதியானோர் முஸ்லிம்கள். படுத்திருப்பவருக்கு உங்கள் கையில்தான் உயிர் என்று தெரியும், ஆகவே உங்கள் கேள்விக்கு அவர் 'இல்லை' என்று சொல்ல மாட்டார். இது நம் தாழ்மைக்குரிய இடம். ஜெபிக்கலாமா என்று, சிகிச்சை முடிவுகள் எல்லாம் எடுத்த பின், அவர் மறுத்தால் எதுவும் குறையாது என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மற்றதை மருத்துவமனைப் போதகரிடம் விடுங்கள், அவருக்கு மொழியும் ஊரும் தெரியும். கையில் இறந்த பிள்ளையின் தாயிடம் "பெபானி" என்று சொல்லி, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். சிச்சேவாவில் நீங்கள் முதலில் கற்க வேண்டிய சொல் அதுதான். வலியையும் வருத்தத்தையும் பகிர்ந்துகொள்ளும் சொல் அது. முதல் ஆறு வாரத்தை மொழிக்கே கொடுங்கள். மருத்துவமனை வடக்கில் இருந்தால் தும்பூகா மொழி வேண்டியிருக்கும், இதையும் முன்பே கேளுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை குழந்தைகள் வார்டில் மரணங்கள் தொடர்ந்து வரும். சில நாள் ஒரே இரவில் மூன்று. வாரத்தில் ஒரு முழு நாள் போன் அணைத்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை ஊரைவிட்டு வெளியே போய்வர, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இப்போதே ஒரு மூத்த மிஷனரி மருத்துவரிடம் மாதம் ஒருமுறை பேச நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: இரவில் ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நர்ஸ்கள், மயக்க மருந்து கொடுப்பவர் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் இரத்தம் இல்லாமல் இருந்தது, கரண்ட் போனால் எத்தனை நிமிடத்தில் ஜெனரேட்டர், டீசலுக்கு யார் பணம், ஆக்சிஜன் கருவிகள் எத்தனை ஓடுகின்றன, எந்தச் சேவைகள் அரசு ஒப்பந்தப்படி இலவசம், எவற்றுக்குக் கட்டணம், கட்ட முடியாதவரை என்ன செய்கிறார்கள், எனக்கு முன் இருந்த மருத்துவர் ஏன் போனார், எனக்குப் பின் யார். இவற்றுக்குப் பதில் வந்த பிறகு வாங்க வேண்டியவற்றின் பட்டியலை மறுபடி எழுதுங்கள்.